அமாவாசைக்குப் போன கீரை

மற்ற விவசாயத்தில் அறுவடை நாள் நிம்மதியான நாள். செடி வளர்த்து நஞ்சேறிய மண்ணைச் சுத்தம் செய்யும் நம் தொழிலில் அதுதான் பயப்பட வேண்டிய நாள். விதைக்கும்போது நஞ்சு மண்ணில் இருக்கிறது. கெட்டதுதான், ஆனால் ஓரிடத்தில் கிடக்கிறது. செடி வளர வளர அது வேருக்கும் தண்டுக்கும் இலைக்கும் ஏறுகிறது. வெட்டிய கணத்தில் அதற்குக் கால் முளைத்துவிடுகிறது. யார் வேண்டுமானாலும் கட்டுக் கட்டித் தூக்கிக்கொண்டு போகலாம்.

உங்களில் பலர் இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். எந்தச் செடி எந்த உலோகத்தை உறிஞ்சும், எந்த நுண்ணுயிரை எந்த வேரோடு சேர்க்க வேண்டும் என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் ஓய்வு பெற்ற பிறகு வந்த கருவிகள் சிலவற்றின் பெயரே எனக்குத் தெரியாது. அதனால் அவற்றைப் பற்றிப் பேசப் போவதில்லை. ஒரு காலைப்பொழுதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அன்று மூன்று பேருக்கு நான் கடன்பட்டேன். அவர்களில் யாரும் நம் துறையைச் சேர்ந்தவர் இல்லை.

திருச்சி மன்னார்புரத்தில் எங்கள் வீட்டில் என் வேலையை யாரும் பெரிதாக மதித்ததில்லை. என் நாத்தனார் பள்ளிக்கூட ஆசிரியை. கிறிஸ்துமஸுக்கு உறவினர்கள் கூடும்போதெல்லாம், "ஊர்ல எல்லாரும் களை பிடுங்கக் கூலி குடுக்கறாங்க. இவளுக்குக் களை வளக்கறதுக்குச் சம்பளம்" என்பாள். அது உண்மைதான். ஆமணக்கு, எருக்கு, துத்தி, குப்பைக்கீரை என்று யாரும் வேண்டாம் என்கிற செடிகளைத்தான் நான் பணிக்காலம் முழுக்க வளர்த்தேன்.

அந்த இடம் வையம்பட்டிக்குப் போகும் சாலையில், நகரத்தை விட்டு வெளியே வந்ததும் வருகிற ஓர் ஊர். பெயர் வேண்டாம். பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கிய கொட்டகை ஒன்று அங்கே இருந்தது. உரிமையாளர் கொட்டகையைப் பிரித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஈயத்தை மட்டும் விட்டுப் போனார். புறம்போக்கு நிலம், பக்கத்தில் பள்ளிக்கூடம். ஊராட்சி எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தை அணுகியது. நாங்கள் வேலி போட்டோம். மண்ணில் இறுகிக் கிடக்கும் ஈயத்தை இளக்கி வேருக்குக் கொடுக்கும் பாக்டீரியாக்களை மட்கிய எருவில் கலந்து விட்டோம். ஆமணக்கையும் எருக்கையும் துத்தியையும் விதைத்தோம். குப்பைக்கீரை தானாகவே வந்தது. சோதித்துப் பார்த்ததில் அதுவும் நன்றாக உறிஞ்சியது. அதையும் விட்டுவைத்தோம்.

வேலியில் ஒரு பலகை: "உள்ளே வரக் கூடாது." அவ்வளவுதான். ஈயம் என்ற சொல் அதில் இல்லை. அந்தச் சொல் வெளியே போனால் இந்த ஊர்ப் பாலையும் காய்கறியையும் திருச்சி சந்தையில் யாரும் வாங்க மாட்டார்கள் என்று ஊராட்சியில் சொன்னார்கள். அதில் நியாயம் இருந்தது. ஆய்வுக்கூடமும் ஒப்புக்கொண்டது. ஊராட்சிக்கு எழுத்தில் எல்லாம் கொடுத்திருந்தோம். ஆனால் எழுத்து அலுவலகத்தில் இருந்தது, செடி வேலிக்குள் இருந்தது.

இன்னொரு பருவம் பயிர் செய்ய அனுமதி நீட்டிக்க வேண்டியிருந்தது. அதற்காக மாவட்ட அளவிலிருந்து ஓர் அதிகாரி பார்வையிட வருவதாகச் சொன்னார்கள். அன்று காலை நான் சற்று முன்னதாகவே போய்ச் சேர்ந்தேன்.

நம் ஊரில் அதிகாரி வருகிறார் என்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பாதை பெருக்கப்படும். இரண்டு பக்கமும் பிளீச்சிங் பவுடர் கோடு போடப்படும். வழியில் இருக்கும் புல் பூண்டெல்லாம் செதுக்கப்படும். கல்யாண வீட்டுக்குக் கோலம் எப்படியோ, ஆய்வுக்குப் பிளீச்சிங் பவுடர் அப்படி.

வேலிக்குள் ஒரு செடி இல்லை. ஆள் உயரம் நின்ற ஆமணக்கு இல்லை. தரை முழுக்க அரிவாள் வெட்டிய அடித்தண்டுகள். வாசலிலிருந்து நடுவரை வெள்ளைக் கோடு இரண்டு நேராக ஓடியது. கோட்டுக்கு அடியில் இருந்த பாக்டீரியாக்கள் அநேகமாகச் செத்திருக்கும்.

கருப்பையா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சிரித்தபடி நின்றிருந்தார். ஊராட்சித் தூய்மைப் பணியாளர்களின் சூப்பர்வைசர். நாற்பதுகளில் இருப்பார். வேறு ஊராட்சியிலிருந்து மாற்றலாகி வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ஒப்பந்த வேலை. முன்பு இருந்தவரை ஊராட்சிப் பொருளை வெளியே கொடுத்தார் என்று நிறுத்தியிருந்தார்கள். இவருக்கு வேலை நீடிக்குமா என்பது இந்த ஆய்வுக்குப் பிறகு தெரியும் என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

"எப்படி மேடம்? பளிச்சுனு இருக்கா? நேத்து பூரா ஆளுங்க விட்டு வெட்டினோம். காடு மாதிரி கெடந்துச்சு. டீ சொல்லட்டா?"

இங்கே நான் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆய்வுக்கூட வேலை கிடைக்கும்வரை நான் ஒரு நாளிதழில் செய்தி திருத்திக்கொண்டிருந்தேன். விபத்துச் செய்தி வந்தால் எங்கே, யார், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பதைத்தான் முதலில் கேட்போம். ஏன் என்பது கடைசிக் கேள்வி. பெரும்பாலும் அது மறுநாள் பதிப்புக்குத் தள்ளிப்போகும். நான் அந்த வேலையை விட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தாலும் பழக்கம் விடவில்லை. ஏன் வெட்டினீர்கள் என்று என் வாய் வரை வந்தது. அதைக் கேட்டிருந்தால் அவர் பதில் சொல்லத் தொடங்கியிருப்பார். யார் உத்தரவு, எத்தனை பேர் வேலை செய்தார்கள் என்று அது நீண்டிருக்கும். பொழுது போயிருக்கும்.

"டீ அப்புறம். வெட்டினவங்க எல்லாரும் மொதல்ல சோப்பு போட்டுக் கை கழுவட்டும். நீங்களும்தான். வெட்டினது எல்லாம் இப்ப எங்க இருக்கு?"

சிரிப்பு நின்றது. "குப்பைக்குப் போயிடுச்சு மேடம்."

"எந்தக் குப்பை? காட்டுங்க."

ஊர்க் குப்பைமேடு பக்கத்தில்தான். ஆமணக்கு குவிந்து கிடந்தது. எருக்கு இருந்தது, துத்தி இருந்தது. ஈயம் ஏறிய குவியல். ஆனால் அது ஓரிடத்தில் கிடந்தது, மீட்கலாம். ஒரு குச்சியை எடுத்துக் கிளறினேன். இன்னும் கொஞ்சம் உள்ளே கிளறினேன்.

"கருப்பையா, இதுல கீரை இல்லையே."

அவர் கைகளைத் துடைத்துக்கொண்டார்.

ஆமணக்கை மாடு தின்னாது, எருக்கையும் தின்னாது. கீரையை ஆடும் மாடும் தின்னும், மனிதரும் தின்னலாம். அது மட்டும் குவியலில் இல்லை என்றால் யாரோ பிரித்து எடுத்திருக்கிறார்கள். பிரித்து எடுத்ததைக் குப்பைக்கு அனுப்ப மாட்டார்கள்.

ஊராட்சியில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட சொல்லை நான் அங்கே சொன்னேன்.

"அந்த மண்ணுல ஈயம் இருக்கு. செடி அதை உறிஞ்சி எடுக்குது. அதுக்காகத்தான் வளக்கறோம். கீரையில ஏறியிருக்கு. மாடு தின்னா பால்ல வரும். சின்னப் பிள்ளைங்க குடிச்சா மூளையைக் கெடுக்கும். உங்களை யாரும் ஒண்ணும் கேக்கப் போறதில்ல. எங்க போச்சுன்னு மட்டும் சொல்லுங்க."

உங்களை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள் என்று சொல்ல எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. அது அவருக்கும் தெரியும். முன்பிருந்தவர் இதே காரியத்துக்காகத்தான் வெளியே போனார். கருப்பையா குப்பைமேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.

"ஸ்ரீரங்கம் போயிருக்கு மேடம். காலையில மச்சான் குட்டியானையில ஏத்தி அனுப்பிச்சேன்."

குட்டியானை என்றால் சின்ன லோடு வண்டி. "ஸ்ரீரங்கத்துல எங்க?"

"அம்மா மண்டபம் ரோட்டுலேர்ந்து உள்ள போனா ஒரு மாட்டுக்கொட்டில். ராகவன் ஐயான்னு கேட்டா சொல்லுவாங்க. இன்னிக்கு அமாவாசைல்ல மேடம். அப்பா போனதுக்கப்புறம் வர்ற மொத அமாவாசை. நேர்ல போய்த் திதி குடுக்கலாம்னா லீவு கெடைக்கல. நல்ல தளதளன்னு கீரை, குப்பைக்குத்தானே போவுது, நாலு மாடு தின்னா அப்பாவுக்குப் போய்ச் சேரும்னு..."

செல்போனை எடுத்து மச்சானைக் கூப்பிட்டார். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

இப்போது நான் ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது. அதிகாரி வருகிற நேரம். நான் இல்லாவிட்டால் மொட்டைத் தரையையும் வெள்ளைக் கோட்டையும் பார்த்துவிட்டு அனுமதி இல்லை என்று எழுதிவிட்டுப் போகலாம். இருந்து விளக்கிச் சொன்னால் திட்டம் பிழைக்கலாம், ஆனால் அதற்குள் மாடு கீரையைத் தின்றுவிடும். எடுத்துச் சொல்லும்போது இது கடினமான முடிவு போலத் தோன்றும். நின்ற இடத்தில் அப்படித் தோன்றவில்லை. நிலம் அங்கேயே இருக்கும், கீரைதான் நகர்ந்துகொண்டிருந்தது.

"நான் போறேன். நீங்க மச்சானைக் கூப்பிட்டுக்கிட்டே இருங்க. குப்பைமேட்டுக்குப் பக்கத்துல ஆடு மாடு வராம ஆள் நிறுத்துங்க. அதிகாரி வந்தா, மேடம் அவசரமா வெளிய போயிருக்காங்க, வந்து விளக்குவாங்கன்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் நீங்க பேச வேணாம்."

"சரிங்க மேடம்."

காரை நானே ஓட்டிக்கொண்டு போனேன். காவிரிப் பாலத்தைத் தாண்டும்வரை ஒன்றும் தெரியவில்லை. தாண்டியதும் கூட்டம். அமாவாசைக்கு முன்னோருக்குத் திதி கொடுக்க அம்மா மண்டபம் படித்துறையில் ஊரே கூடும். போலீஸ் தடுப்பு வைத்து வண்டிகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. காரை ஓரமாக விட்டுவிட்டு நடந்தேன். ஈர வேட்டியோடு வருபவர்கள், எள்ளும் தர்ப்பையும் விற்பவர்கள், பசுவுக்குக் கொடுக்க அகத்திக்கீரைக் கட்டு விற்கும் பெண்கள். ஒவ்வொரு பச்சைக் கட்டையும் உற்றுப் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு அம்மா, "கட்டைப் பாத்தா பசி ஆறுமா, வாங்கிக் குடுங்க" என்றார்.

கொட்டிலைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. சந்து முனையில் குட்டியானை நின்றது. பாதிக் கீரை இன்னும் வண்டியில் இருந்தது. அதே போலீஸ் தடுப்பு அந்த வண்டியையும் திருவானைக்காவல் வழியாகச் சுற்றி அனுப்பியிருந்தது. அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார்கள். மச்சானின் செல்போன் முன் சீட்டில் அடித்துக்கொண்டே கிடந்தது. மச்சான் உள்ளே கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார்.

ராகவனுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நெற்றியில் திருமண். கையில் ஒரு கீரைக்கட்டு.

"வாங்கோ வாங்கோ. கீரை அனுப்பினவாளா? க்ஷேமமா இருக்கணும். இப்படி ஒரு கீரை பார்த்து எத்தனை நாளாச்சு."

"சார், அதைக் கீழ வைங்க. மாட்டுக்குக் குடுக்காதீங்க."

"ஏன், பூச்சி மருந்து அடிச்சதா?"

"இல்ல சார். ஈயம் ஏறின கீரை."

"ஈயமா? எங்காத்துல ஈயச்சொம்புலதான் ரசம் வெக்கறது. அதுக்கென்ன?"

"அது வெள்ளீயம் சார். இது காரீயம். பேட்டரியில இருக்கறது."

அவர் கட்டைக் கீழே வைத்தார். வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். கடைசியில் கட்டியிருந்த செவலைப் பசு இன்னும் மென்றுகொண்டிருந்தது.

"கோதை ஒரு கட்டுத் தின்னுட்டாளே."

மச்சான் பிடித்துக்கொள்ள, ராகவன் பசுவின் வாயிலிருந்து வந்தவரை இழுத்து எடுத்தார். கால்நடை மருத்துவருக்கு நான் போன் செய்தேன். அவர் வருவதாகச் சொன்னார். அதுவரை பாலைக் கறந்து யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்றார். அதை நான் ராகவனிடம் சொன்னேன். எத்தனை நாள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன்.

"சாயங்காலம் நாலாத்துக்குப் பால் போயாகணும். ரெண்டு ஆத்துல கைக்குழந்தை."

"கோதையோட பாலை மட்டும் தனியா எடுத்து வைங்க சார். சோதிச்சுச் சொல்றேன்."

"கன்னுக்குட்டிக்கும் கூடாதா?"

"கூடாது சார்."

"அதுகிட்ட நான் என்னன்னு சொல்றது? காரீயம்னு சொன்னா அது கேக்குமா?" பசுவின் முதுகைத் தடவினார். "சரி. மத்தவா ஆத்துல நானே போய்ச் சொல்லிடறேன், இன்னிக்கு வேற எடத்துல வாங்கிக்கோங்கோன்னு. ஏன்னு கேப்பா. உள்ளதைச் சொல்லிடறேன். பரவாயில்லையோல்லியோ?"

இந்த ஒரு கேள்விக்காகத்தான் அவரை நான் இன்றுவரை நினைக்கிறேன். உள்ளதைச் சொன்னால் அவருடைய பாலை அப்புறம் யார் வாங்குவார்கள்? ஓர் ஊரே அந்தப் பயத்தில் பலகையில் ஒரு சொல்லை எழுதாமல் விட்டது. அவர் நாலு வீட்டு வாசலில் போய் அதைச் சொல்லக் கிளம்பினார், அதுவும் என்னிடம் அனுமதி கேட்டுவிட்டு.

"சொல்லுங்க சார்" என்றேன்.

பின்னால் சோதித்தபோது பால் நன்றாகத்தான் இருந்தது. கோதைக்கும் ஒன்றும் ஆகவில்லை. கூடுதலாகப் பயந்துவிட்டோமா என்று உங்களில் ஒருவர் முன்பு ஒரு கூட்டத்தில் கேட்டார். இல்லை. ஒரு கட்டுதான் தின்றது என்பது நான் போனதால் தெரிந்தது. சோதனை முடிவு கையில் இல்லாத நேரத்தில் எடுக்கும் முடிவைச் சோதனை முடிவை வைத்து அளக்காதீர்கள்.

கீரையை ஒரு கட்டு விடாமல் வண்டியில் ஏற்றித் தார்ப்பாய் போட்டுக் கட்டச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். வண்டி பின்னால் வந்தது. அதிகாரி வந்து போயிருப்பார் என்றுதான் நினைத்தேன். போயிருக்கவில்லை. வேலிக்கு வெளியே அவருடைய ஜீப் நின்றது. வேப்பமர நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். எதிரில் கருப்பையா நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க மேடம். மாடு எப்படி இருக்கு?" என்றார் அதிகாரி.

நான் கருப்பையாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சூப்பர்வைசர் எல்லாத்தையும் சொல்லிட்டார். யாரையும் கேக்காம வெட்டினது, கீரையைச் சொந்தக்காரர் வண்டியில வெளிய அனுப்பினது, நீங்க கேட்டப்ப மொதல்ல குப்பைக்குப் போச்சுன்னு பொய் சொன்னது. நான் கேக்கவே இல்ல. வண்டியிலேர்ந்து எறங்கினதும் அவரே ஆரம்பிச்சார். இதுல நீங்க சேக்கறதுக்கு ஏதாவது இருக்கா?"

வேறு ஒன்றும் பேச வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டுப் போயிருந்தேன். அவர் பேசியிருந்தார். வேலையை இழக்கத் தேவையான அத்தனையையும் வரிசையாகச் சொல்லியிருந்தார். தனக்குச் சாதகமாக இருந்த ஒன்றை மட்டும் விட்டிருந்தார்.

"ஒண்ணு இருக்கு சார்" என்றேன். "இவங்க அப்பா போனதுக்கப்புறம் வர்ற மொத அமாவாசை இது. அதுக்காகத்தான் மாட்டுக்கு அனுப்பினார்."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "ஏன்யா, இதைச் சொல்லலையே? நீங்களே போயிருக்கலாமே. லீவு கேக்கலையா?"

"கேட்டேன் சார்."

"குடுக்கலையா?"

கருப்பையா தயங்கினார். "நீங்க வர்றீங்கன்னு சொன்னாங்க சார்."

அதிகாரி எழுந்து போய், வேலிக்குள் ஓடிய வெள்ளைக் கோடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். வெட்டப்பட்ட தண்டு ஒன்றைக் காட்டி, வேர் உள்ளே இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். இருக்கிறது, ஈயத்தில் பெரும்பகுதி வேரில்தான் நிற்கும், மழை பெய்தால் திரும்பத் துளிர்க்கும் என்றேன். தலையாட்டினார். அனுமதி பிறகு வந்தது. பலகையும் மாறியது: இந்தச் செடிகளில் ஈயம் உண்டு, மனிதருக்கும் மாட்டுக்கும் ஆகாது. கருப்பையாவின் வேலையும் போகாமல் நிலைத்தது. நான் அங்கே இருந்த காலம் முழுக்க அந்த வேலிக்கு அவரைவிடக் கறாரான காவல் கிடையாது.

ஆனால் அதெல்லாம் அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. அன்றைக்கு அதிகாரி திரும்பி வந்து கருப்பையாவிடம் இவ்வளவுதான் சொன்னார்: "என் ஜீப்புல ஏறுங்க. டிரைவர் அம்மா மண்டபத்துல விட்டுட்டு வருவார். திதி குடுத்து வைக்க இன்னும் ஆள் இருப்பாங்க."

குட்டியானை அப்போதுதான் உள்ளே திரும்பிக்கொண்டிருந்தது. கருப்பையா அதைப் பார்த்தார்.

"எறக்கிட்டுப் போறேன் சார். வெயில்ல வாடிச்சுன்னா இலை உதுந்து காத்துல பறக்கும். அப்பா கோவிச்சுக்க மாட்டாரு."

ஆய்வுக்கூடப் பெட்டியிலிருந்து கையுறைகளை எடுத்து அவருக்கும் மச்சானுக்கும் கொடுத்தேன், நானும் போட்டுக்கொண்டேன். பெட்டியை மூடப் போனபோது அதிகாரி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"எனக்கு ஒரு ஜோடி இருக்கா மேடம்? நாலு பேரா எறக்கினா அவர் சீக்கிரம் கிளம்பலாம்."